கோச்சை நீக்கச் சொல்லும் கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் மகன் கொழும்பில் ஒரு கல்லூரியின் 20 வயதுக்குட்பட்ட உதைபந்தாட்ட அணித் தலைவன். வயது 18. அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை. 14 வருடமாக இருந்த பழைய கோச் ஓய்வுபெற, இந்த ஜனவரியில் 31 வயதான புதியவர் ஒருவர் வந்தார். போன வருட அணியில் ஏழு பேர் பாடசாலையை விட்டுப் போய்விட்டார்கள். இந்தப் பருவத்தில் இதுவரை ஒன்பது போட்டிகள்: 0-5, 1-4, 0-3, 1-3, 1-1, 0-1, 1-2, 2-1, 0-1. ஏழு தோல்வி, ஒரு சமநிலை, ஒரே ஒரு வெற்றி. கடைசியாகத் தோற்ற மூன்றிலும் ஆட்டம் முடியப்போகும் நேரத்தில்தான் கோல் விழுந்தது. நடுவில் விளையாடிய மகனைப் பின்வரிசைக்கு மாற்றிவிட்டார். பந்தைத் தூக்கி அடிக்க விடாமல், கோல்காப்பாளரிடமிருந்தே பாஸ் பண்ணி வரச் சொல்கிறாராம். என் கணவர் அதே கல்லூரியின் பழைய மாணவர். கோச்சை நீக்கச் சொல்லி அதிபருக்கு ஒரு கடிதம் எழுதி, நண்பர்களோடு சேர்ந்து கையெழுத்து வாங்குகிறார். என்னையும் போடச் சொல்கிறார். மகன் வீட்டில் வாய் திறப்பதில்லை. போன போட்டி முடிந்து வந்து குளியலறையில் போட்ட சப்பாத்தை இன்னும் தொடவில்லை. 'பந்து வேண்டாம், படிக்கப் போறன்' என்கிறான். நான் என்ன செய்வது?
(கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய்)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்ததும் ஒரு கடதாசியை எடுத்து ஒன்பது போட்டிகளின் கோல்களையும் வரிசையாக எழுதினேன். 30 வருடத்துக்கு மேல் பாடசாலை அணிகளைப் பயிற்றுவித்து, இப்போது இளம் கோச்சுகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற எனக்கு அதுதான் பழக்கம். எழுதிவிட்டு நாலாவது போட்டிக்குக் கீழே ஒரு கோடு போட்டேன். கோட்டுக்கு மேலே நாலு போட்டியில் வாங்கிய கோல் 15, அடித்தது 2. கோட்டுக்குக் கீழே ஐந்து போட்டியில் வாங்கியது 6, அடித்தது 4. நீங்களும் உங்கள் கணவரும் ஒருமுறை இப்படி எழுதிப் பாருங்கள். 0-5 என்பது எல்லாருடைய மனதிலும் ஆணி அடித்த மாதிரி நிற்கும். அதற்குப் பிறகு நடந்தது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

ஒரு விஷயத்தை மட்டும் உங்கள் கணவரிடம் கேளுங்கள். பின்னால் வந்த ஐந்து எதிரணிகளும் முன்னால் வந்த நாலை விடப் பலவீனமானவையா? அப்படியென்றால் என் கணக்குக்குப் பெரிய மதிப்பில்லை. ஏறத்தாழ ஒரே தரம் என்றால், இந்தப் பிள்ளைகள் ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். சும்மா இருந்து ஒரு அணி போட்டிக்கு நாலு கோல் வாங்குவதிலிருந்து ஒரு கோல் வாங்குவதற்கு வந்துவிடாது.

இனி நீங்கள் கேட்டதற்கு நேரடியான பதில். இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் கணவரையும் இரண்டு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு வாரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று கீழே சொல்கிறேன். அதற்கு முன் ஏன் பொறுக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை நீங்கள்தான் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

முதல் காரணம் உங்கள் மகன். அவன் அணித் தலைவன். அந்தக் கடிதம் காலையில் அதிபர் மேசைக்குப் போனால் பின்னேரம் கோச்சுக்குத் தெரிந்துவிடும், மறுநாள் முழு அணிக்கும் தெரிந்துவிடும். முதல் வரிசையில் தலைவனின் அப்பா பெயர், அம்மா பெயர். அந்தப் பிள்ளை உடுப்பு மாற்றுகிற அறைக்குள் எந்த முகத்தோடு போவான்? கோச் போய்விட்டால் அவனுடைய அப்பாதான் தூக்கினார் என்பார்கள். போகாவிட்டால் அப்பா எவ்வளவு முயன்றும் முடியவில்லை என்பார்கள். எப்படிப் போனாலும் சுமக்கப் போவது அவன். கோச்சும் பாவம், அடுத்த போட்டியில் உங்கள் மகனை வெளியே உட்கார வைத்தால் பழிவாங்கல், விளையாட விட்டால் பயம் என்று ஆகிவிடும். இந்தக் கடிதத்தைப் பற்றி மகனிடம் ஒரு வார்த்தை கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. கேட்கவில்லை என்றே நினைக்கிறேன். 18 வயதுப் பிள்ளையின் அணியைப் பற்றி அவனைக் கேட்காமல் கடிதம் போவது சரியில்லை.

இரண்டாவது காரணம், கோச்சை மாற்றினால் தோல்வி நிற்கும் என்ற நம்பிக்கை. நெதர்லாந்தின் தொழில்முறை லீகில் 1986 முதல் 2004 வரையான போட்டிகளை வைத்துப் பொருளியலாளர் ஒருவர் இதை ஆராய்ந்தார். தொடர்ந்து தோற்றுக் கோச்சை மாற்றிய கழகங்களை, அதே அளவு தோற்றும் மாற்றாமல் விட்ட கழகங்களோடு ஒப்பிட்டார். மாற்றியவர்கள் மீண்டது உண்மைதான். ஆனால் மாற்றாதவர்களும் கிட்டத்தட்ட அதே மாதிரி மீண்டிருந்தார்கள். ஆகக் கீழே போன அணிக்கு மேலே வருவதைத் தவிர வேறு வழி குறைவு. அந்த நேரத்தில் வந்து நிற்கிற புதுக் கோச்சுக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது.

இங்கிலாந்தின் மன்செஸ்டர் யுனைட்டெட் கழகத்தின் கோச்சாக இருந்த பெர்குசன் கதையை உங்கள் வீட்டில் யாராவது இதற்குள் சொல்லியிருப்பார்கள். 1986 நவம்பரில் வந்தவர், முதல் போட்டியிலேயே ஒக்ஸ்போர்ட் யுனைட்டெட்டிடம் 0-2 தோற்றார். முதல் கிண்ணம் 1990இல், முதல் லீக் பட்டம் 1993இல். உங்கள் மகனுடைய தலைமுறைக்கு ஆர்சனல் கழகத்தின் கோச் ஆர்டேட்டா. 2021 ஓகஸ்டில் பருவம் தொடங்கி முதல் மூன்று போட்டியும் தோல்வி, ஒரு கோல் கூட அடிக்கவில்லை, பட்டியலில் கடைசி இடம். அந்தப் பருவத்தை ஐந்தாவதாக முடித்தார்கள், அடுத்ததில் இரண்டாவது. இரண்டும் உண்மை. ஆனால் இவற்றைக் காட்டி உங்கள் மகனின் கோச்சும் நல்லவர் என்று நான் சொல்லமாட்டேன். பொறுத்திருந்தும் ஒன்றும் நடக்காமல் போன கோச்சுகளின் கதையை யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான். பாடசாலை அணிக்குக் கழகம் மாதிரி ஆளை விலைக்கு வாங்கவும் முடியாது. ஏழு பேர் போனால் கீழே இருக்கிற 16, 17 வயதுப் பிள்ளைகள்தான் மேலே வருவார்கள். அவர்களை எப்படி வளர்க்கிறார் என்பதுதான் கேள்வி.

இங்கே ஒன்றை மறந்துவிடக் கூடாது. இப்போது 18 வயதிலிருக்கும் பிள்ளைகளுக்கு, 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது 12 வயதளவுதான். பந்தைக் காலோடு ஒட்டிக்கொள்ளப் பழகுகிற வயது அது. அந்த இரண்டு வருடமும் கொட்டாஞ்சேனை மாடிவீடுகளின் படிக்கட்டிலும் மொட்டைமாடியிலும் போனது. பிறகு 2022இல் எரிபொருள் இல்லாமல் மறுபடியும் பாடசாலை மூடல். 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான ஃபீஃபா இலங்கையை இடைநிறுத்தி, ஓகஸ்டில்தான் விலக்கியது. அது சர்வதேசப் போட்டிகளுக்கு வந்த தடை என்றாலும், மேலே போக வழியில்லாத விளையாட்டில் பிள்ளை ஏன் வியர்வை சிந்த வேண்டும் என்ற கேள்வி பல வீடுகளில் எழுந்ததை நான் நேரே கேட்டேன். ஆக, அடித்தளம் பாதி போட்ட நிலையில் நிற்கிற பிள்ளைகளை வைத்துத்தான் அந்த மனிதர் வேலை செய்கிறார்.

சரி, அவர் கேட்கிற விளையாட்டுக்கு வருவோம். உங்கள் கணவருக்கு இதுதான் எரிச்சலாக இருக்கும் என்று நினைக்கிறேன். பழைய கோச்சின் காலத்தில் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும், நானும் அப்படித்தான் பல வருடம் விளையாட வைத்தேன். கோல்காப்பாளர் பந்தைக் கையிலெடுத்து நடுக்கோட்டுக்கு அப்பால் உதைப்பார், உயரமான ஒருவன் தலையால் தட்டுவான், வேகமான ஒருவன் ஓடுவான். அதில் பிழை விட்டால் பந்து எங்கேயோ எதிரணியின் பாதியில் போய் விழும். யாருக்கும் வலிக்காது.

புதியவர் சொல்கிற மாதிரி விளையாடும்போது நடப்பதை நினைத்துப் பாருங்கள். கோல்காப்பாளர் பந்தைப் பக்கத்தில் நிற்கும் பின்வரிசைப் பிள்ளைக்கு உருட்டிவிடுகிறார். எதிரணிக்காரர் இருவர் ஓடி வருகிறார்கள். அந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்க்க வேண்டும், உடம்பைப் பாதி திருப்பி நிற்க வேண்டும், முதல் தொடுகையிலேயே பந்தை எதிரியிடமிருந்து விலக்க வேண்டும். தரை காய்ந்து மேடுபள்ளமாக இருக்கிறது. பந்து ஒரு சின்ன மேட்டில் பட்டு முழங்கால் உயரத்துக்குத் துள்ளுகிறது. ஒரு கணம். அவ்வளவுதான், பந்து எதிரியின் காலில். 7.32 மீற்றர் அகலக் கோலுக்கு முன்னால் கோல்காப்பாளர் தனியே நிற்கிறார். கற்றுக்கொள்கிற பிள்ளை விடுகிற ஒவ்வொரு பிழையும் இந்த முறையில் தன் கோலுக்கு முன்னாலேயே நடக்கும். அதனால்தான் முதல் மாதங்களில் 0-5, 1-4 என்று வரும். படிப்பில் பிழை விட்டால் கொப்பியில் சிவப்பு மை. இங்கே பிழை விட்டால் எல்லாரும் பார்க்க ஒரு கோல்.

உங்கள் மகனைப் பின்வரிசைக்கு மாற்றியதைத் தண்டனை என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இப்படி விளையாட நினைக்கிற கோச், பதற்றப்படாமல் பந்தை வைத்திருக்கக்கூடிய பிள்ளையைத்தான் பின்னால் போடுவார். ஆட்டம் தொடங்கும் இடம் அதுதான். அது அவன் மேல் வைத்த நம்பிக்கையாக இருக்கலாம். ஆனால் அதை அவனுக்கு விளங்கச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்று தெரிகிறது. சொல்லியிருந்தால் அது உங்கள் காது வரை தண்டனையாக வந்திருக்காது. இது கோச்சின் குறைதான், இளம் கோச்சுகளிடம் நான் அடிக்கடி காணும் குறை. பலகையில் காந்த வில்லைகளை நகர்த்துவார்கள், பையனைக் கூப்பிட்டு இரண்டு நிமிடம் பேசமாட்டார்கள். மகனே போய்க் கேட்கலாம்: 'சேர், இந்த இடத்தில என்னட்ட என்ன எதிர்பார்க்கிறீங்க?' தலைவன் கேட்கக்கூடிய கேள்விதான் இது. கோச் என்ன பதில் சொல்கிறார் என்பதிலிருந்து நீங்களும் அவரைப் பற்றித் தெரிந்துகொள்வீர்கள்.

என் முதல் பருவத்தைப் பற்றிச் சொல்கிறேன். தொடர்ந்து ஆறு போட்டி தோற்றோம். ஐந்தாவது போட்டியின் இடைவேளையில், கோல்காப்பாளராக நின்ற 16 வயதுப் பையனை எல்லார் முன்னாலும் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவன் கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தான். இரண்டாம் பாதியும் விளையாடினான். அடுத்த பயிற்சிக்கு வரவில்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. வீடு தேடிப் போனேன். தாய் வாசலில் நின்று 'அவனுக்கு ரியூசன் இருக்கு சேர்' என்றார். உள்ளே அவன் நடமாடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவன் பிறகு ஒருநாளும் பந்து விளையாடவில்லை.

அந்தப் பருவத்தில் என்னையும் நீக்கப் பார்த்தார்கள். ஆறு தோல்விக்காக. அந்தப் பிள்ளையை நான் என்ன செய்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியது அதைத்தான்.

ஆகவே இரண்டு வாரத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை: பயிற்சி நடக்கிற ஒரு பின்னேரம் மைதானத்துக்குப் போங்கள். போட்டிக்குப் போவதில் எனக்குப் பெரிய பயன் தெரியவில்லை, அங்கே நீங்கள் கோலைத்தான் பார்ப்பீர்கள். பயிற்சிக்குப் போங்கள். மற்றப் பெற்றோரோடு சேர்ந்து நிற்காமல் வேலியோரம் தனியாக நில்லுங்கள். உதைபந்தாட்டம் தெரியாதே என்று யோசிக்க வேண்டாம், தெரியாதவர் கண்ணுக்குத்தான் சில விஷயங்கள் நன்றாகத் தெரியும்.

எத்தனை பந்து இருக்கிறது, எத்தனை பிள்ளைகள் வரிசையில் சும்மா நிற்கிறார்கள் என்று பாருங்கள். 22 பேர் ஒரு பந்துக்காகக் காத்து நிற்கிற பயிற்சியில் ஒருவரும் எதையும் கற்பதில்லை. வெளியே உட்காருகிற பிள்ளைகளுக்கும் அதே வேலை கொடுக்கிறாரா, அல்லது அவர்கள் பந்து பொறுக்குகிறார்களா? பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா? தண்ணீர் குடிக்க விடுகிறாரா? எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பிள்ளை பிழை விடும் கணத்துக்குக் காத்திருங்கள். பந்து போகும் திசையைப் பார்க்காதீர்கள். பந்தை விட்டவனின் முகத்தைப் பாருங்கள். அவன் கண் உடனே கோச் பக்கம் திரும்பி, தோள் இறுகினால், அந்த மைதானத்தில் பயம் இருக்கிறது. அவன் கண் பந்துக்குப் பின்னால் போய், கால் தானாக ஓடத் தொடங்கினால், பிழை விட அங்கே இடம் இருக்கிறது. கோச் ஆட்டத்தை நிறுத்தி, அந்தப் பிள்ளை நின்ற இடத்துக்கு நடந்து போய், இப்படி நின்றிருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்று காட்டுகிறாரா? காட்டினால், சகோதரி, அவருக்கு இன்னொரு வருடம் கொடுங்கள் என்று உங்கள் கணவரிடம் சொல்ல நான் தயார்.

இரண்டு வாரம் பொறுக்கக் கூடாத விஷயங்களும் இருக்கின்றன. அடித்தால். பிள்ளையின் வீட்டை, மொழியை, மதத்தை இழுத்து ஏசினால். தமிழ், சிங்கள, முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாக விளையாடுகிற கொழும்பு அணிகளில் இது ஒரு வார்த்தையிலேயே அணியை உடைத்துவிடும். தோற்றதற்குத் தண்டனையாக உச்சி வெயிலில் மைதானம் சுற்ற விட்டால். தலையில் அடிபட்டுத் தள்ளாடிய பிள்ளையை அதே போட்டியில் திரும்ப இறக்கினால். அணியில் இடம் தரக் காசு கேட்டால். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கையெழுத்துச் சேர்த்துக்கொண்டு இருக்காமல் அன்றைக்கே அதிபரிடம் போங்கள், அணி ஒன்பது போட்டியும் வென்றிருந்தாலும் போங்கள்.

அடுத்து, கடைசி நேரத்தில் விழுந்த கோல்கள். இது உங்கள் கைக்குள் இருக்கிற விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மூன்று போட்டியிலும் முடிவில் தோற்றிருக்கிறார்கள் என்றால் கால் களைத்திருக்கிறது. புதிய முறையில் பந்தை இழந்ததும் எல்லாரும் ஓடி மறிக்க வேண்டும், அதற்கு மூச்சு வேண்டும். உடற்பயிற்சித் திட்டம் என்ன என்று கோச்சிடம் கேட்பது நியாயம். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. உங்கள் மகன் போட்டி நாளில் என்ன சாப்பிடுகிறான் என்று கணக்குப் பாருங்கள். பாடசாலை 7.30க்குத் தொடங்குகிறது, ஆறு மணிக்கே இரண்டு துண்டு பாணோடு வெளிக்கிட்டிருப்பான். இடைவேளையில் கன்டீனில் ஒரு மாலு பாண். 1.30க்குப் பாடசாலை விட்டால் உடுப்பு, பை, பஸ் என்று ஓட்டம். 3.30க்குப் போட்டி. கொழும்பின் புழுக்கத்தில் முதல் பாதியிலேயே சட்டை நனைந்துவிடும். கடைசி 20 நிமிடத்துக்கு அந்த உடம்பில் என்ன மிச்சம் இருக்கும்?

போட்டி நாளில் 1.30க்குச் சாப்பிட ஒரு சின்னச் சோற்றுப் பார்சல் கொடுத்துவிடுங்கள். சோறும் பருப்பும் ஒரு துண்டு மீனோ முட்டையோ போதும், எண்ணெய் குறைவாக. ரோல்ஸ், கொத்து வேண்டாம். போட்டிக்கு அரை மணிக்கு முன் ஒரு வாழைப்பழம். மதியத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஒரு அரை லீற்றர் தண்ணீர். மற்றத் தாய்மாரிடமும் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் கையெழுத்துக்குப் பதில் 11 சோற்றுப் பார்சலுக்கு ஆள் சேர்த்தால் அடுத்த போட்டியின் கடைசி 20 நிமிடத்திலேயே வித்தியாசம் தெரியலாம். ஒரு பெரிய வீட்டில் சமைத்தால் செலவும் குறையும்.

செவ்வாய், வியாழன் பயிற்சிகளுக்கு எத்தனை பேர் முழுதாக வருகிறார்கள் என்பதையும் விசாரியுங்கள். வெள்ளவத்தையில் நாலு மணிக்கு ரியூசன் என்று பாதி அணி பாதியில் கிளம்பிப் போனால், எந்தக் கோச் வந்தாலும் கடைசி வரை ஓடும் அணியை உருவாக்க முடியாது. இதைப் பிள்ளைகளோ கோச்சோ தனியாகத் தீர்க்க முடியாது, பெற்றோர்தான் கூடிப் பேசி வாரத்தில் ஒரு நாளையாவது பந்துக்கு ஒதுக்க வேண்டும்.

இனி மகன். 'பந்து வேண்டாம்' என்று அவன் சொல்வதற்குள் இரண்டு விஷயம் கலந்திருக்கலாம். விளையாட்டே வெறுத்துவிட்டதா, அல்லது தோற்கிற அணியின் தலைவனாக இருப்பது தாங்க முடியவில்லையா? இவை வேறு வேறு. இரண்டாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் எதிரணித் தலைவனுக்குக் கைகொடுப்பவன் அவன். உடுப்பு மாற்றும் அறையில் அழுகிற சின்னவனைத் தேற்றுபவன் அவன். கோச் சொன்னதை நண்பர்களுக்கும், நண்பர்கள் முணுமுணுப்பதைக் கோச்சுக்கும் சுமப்பவன் அவன். வீட்டுக்கு வந்தால் அப்பாவின் விமர்சனம். அந்தப் பிள்ளைக்கு வாய் திறக்க எங்கே இடம்?

தோற்ற அன்று முடிவெடுக்க வேண்டாம் என்று மட்டும் அவனிடம் சொல்லுங்கள். மிச்சமிருக்கும் போட்டிகளை விளையாடி முடிக்கட்டும். அதற்குப் பிறகு பரீட்சைக்காகப் பந்தை நிறுத்தினால் அது நல்ல முடிவாகவும் இருக்கலாம், நான் அவனைத் தடுக்கமாட்டேன். படிப்பைக் காரணம் காட்டி ஒளிந்துகொள்ளும்போதுதான் கவலைப்பட வேண்டும். அப்படி ஒளிந்தவன் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டும் மைதானத்தில்தான் இருப்பான்.

உங்கள் கணவரிடம் நான் கேட்டதாக ஒன்றைச் சொல்லுங்கள். போட்டி முடிந்து ஓட்டோவில் வீடு திரும்பும்போது ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். ரேஸ்கோர்ஸ் மைதானத்திலிருந்து கொட்டாஞ்சேனை வரை அந்த நெரிசலில் அரை மணிக்கு மேல் போகும், அவ்வளவு நேரமும் அப்பா பிழைகளை எண்ணிக்கொண்டு வந்தால் பிள்ளை எங்கே குதிக்க முடியும்? குளிக்கட்டும், சாப்பிடட்டும், தூங்கட்டும். மறுநாள் பின்னேரம் அவனாகத் தொடங்கினால் பேசலாம். உங்கள் கணவர் அந்தக் கல்லூரியின் உடுப்பை ஒரு காலத்தில் போட்டவர், தோல்வி அவருக்கும் உள்ளே எரிகிறது, அது எனக்குப் புரிகிறது. தான் விளையாடிய காலத்தில் தோற்ற ஒரு போட்டியைப் பற்றி மகனிடம் அவர் எப்போதாவது சொல்லியிருக்கிறாரா? வென்றவற்றைச் சொல்லியிருப்பார். தோற்ற ஒன்றைச் சொல்லட்டும், அன்று வீட்டுக்கு எப்படி வந்தார் என்பதையும் சேர்த்து.

சப்பாத்தை நீங்கள் கழுவ வேண்டாம். மனம் கேட்காது, தெரியும். ஆனால் அது அவனுடைய வேலை, அவனுடைய முடிவும்கூட. ஈரத்தில் கிடந்து தோல் வெடித்துவிடும் என்று பயமாக இருந்தால், பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே திணித்து, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் வைத்துவிடுங்கள். சேறு அப்படியே இருக்கட்டும்.

இரண்டு வாரம் கழித்தும் கணவருக்கும் நண்பர்களுக்கும் திருப்தியில்லை என்றால் அதிபரிடம் போகட்டும், நீக்கச் சொல்லும் கடிதத்தோடு அல்ல, ஒரு சந்திப்புக் கேட்டு. கோச்சும் அணிப் பொறுப்பாசிரியரும் இருக்க வேண்டும். அடுத்த பருவத்தில் என்ன எதிர்பார்க்கிறீர்கள், கீழ் அணிகளிலிருந்து யாரை மேலே கொண்டுவருகிறீர்கள், ஒரு பிள்ளையை வெளியே வைத்தால் அவனிடம் யார் சொல்வது, களைப்புக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்கட்டும். தெளிவான பதில் வராவிட்டால் கோச்சை மாற்றச் சொல்லும் உரிமை பெற்றோருக்கு இருக்கிறது. அப்போது நானே கையெழுத்துப் போடுங்கள் என்பேன். ஆனால் அதற்கு முன் மகனிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

பயிற்சி பார்க்கப் போகும்போது குடை எடுத்துக்கொண்டு போங்கள். இந்த மாதங்களில் மூன்று, நாலு மணிக்கு மேல் கொழும்பில் வானம் கறுத்து இடி மின்னல் தொடங்கிவிடும். முதல் இடிச் சத்தம் கேட்டதும் கோச் என்ன செய்கிறார் என்று பாருங்கள். விசிலை ஊதி, பந்துகளை அப்படியே விட்டுவிட்டு, எல்லாப் பிள்ளைகளையும் கட்டடத்துக்குள் கூட்டிப் போய், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை வெளியே விடாமல் வைத்திருக்கிறாரா, அல்லது மரத்தடியில் நிற்கச் சொல்லிவிட்டு மழை விடட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாரா? அதையும் எனக்கு எழுதுங்கள்.